இடுப்பெலும்பு விரிசலும் மூவார் பயணமும்

கோயில் வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தபோதுதான் முதல் வலி. இடுப்புப் பிடிப்பு என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். ஏழு வருடங்களுக்கு முன் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவள் நான். போனது திரும்பி வந்துவிட்டது என்று மனத்துக்குள் முடிவு கட்டினேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. படுத்தால் வலி குறைந்தது, நின்றால் உயிரை எடுத்தது. டாக்டர் எலும்பு ஸ்கேனுக்கு (லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, எலும்பில் பழுதான இடங்களைக் காட்டும் படம்) எழுதிக்கொடுத்தார். இரண்டு முறை சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

அந்த நாட்களில் பழைய நினைப்புத்தான். கல்யாணமான புதிதில் எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஆற்றங்கரை ஊரான மூவாருக்கு மோட்டார் சைக்கிளில் போவோம். புடவையோடு ஒருக்களித்து உட்கார்ந்திருப்பேன். ஆற்றோரக் கடையில் மீ (நூடுல்ஸ்) சாப்பிட்டு, மழையில் தெப்பமாக நனைந்து திரும்புவோம். எவ்வளவு சிரித்திருக்கிறோம்! அந்த வண்டி இன்னும் வீட்டு முன்னால்தான் நிற்கிறது.

"ஏங்க, ஒரு தடவ மோட்டர்ல மூவார் போலாமா?"

"நிக்கவே முடியல, மோட்டர் கேக்குதா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "கடைசியா ஒரு தடவன்னு கேக்குறியா?"

டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேன் சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். கிடைத்த முதல் தேதியில் ஸ்கேன் எடுக்க ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனார்.

படத்தில் இடுப்பின் பின்பக்கம் கறுப்பாக, ஆங்கில எச் எழுத்துப் போல ஒன்று தெரிந்தது. சிடி ஸ்கேனும் எடுத்த பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"ஆன்ட்டி, இது கேன்சர் இல்ல. ரெண்டு பக்கமும் நடுவுலயும் எலும்பு விரிஞ்சா இப்படித்தான் எச் மாதிரி வரும். சிடியில விரிசல் கோடே தெரியுது. கதிர்வீச்சு பட்ட எலும்பு, ஒடம்பு பாரத்தையே தாங்கல."

திருவெலும்பில் (முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் எலும்பு) நலிவு முறிவு (விழாமலே, பலவீனத்தால் வரும் முறிவு). நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

"அலமாக்! எலும்பு ஒடஞ்சதுக்கு சந்தோஷப்படற ஆள இப்பதான் பாக்குறேன்," என்றார் கணவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"மோட்டர்ல ஏறலாமா டாக்டர்?" என்றேன்.

"மூணு மாசத்துக்கு நெனைக்கவே கூடாது."

இப்போது வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறேன். துள்ளி ஏறிய அந்த உடம்பு இல்லை இது. ஒவ்வோர் அடியையும் இடுப்பைக் கேட்டுத்தான் வைக்கிறேன். கணவர் தினமும் வண்டியைத் துடைக்கிறார். மாத நாட்காட்டியில் மூன்று தாள் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வட்டம் போட்டு, 'மூவார்' என்று எழுதி வைத்திருக்கிறார். ஏழு வருடமாக, அடுத்த பரிசோதனைக்கு அப்பால் எந்தத் தேதியையும் நான் பார்த்ததில்லை.