பழனியம்மாவின் கிட்னியும் என் மேல் விழுந்த சந்தேகமும்

நர்ஸ் வேலையில் ஊசி போடக் கற்றுக்கொள்வது சுலபம். போடும்போது பக்கத்தில் நின்று முறைக்கிற ஆளைச் சமாளிக்கத்தான் ஆயுசு முழுக்கப் பழக வேண்டும். உங்களில் யாராவது இந்த உடுப்பைப் போட்டவராக இருந்தால் இப்போதே தலையாட்டுவீர்கள். ஏற்காட்டில் எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. போன மழைக்காலத்தில் அங்கே என்னை வாட்டியெடுத்தவர் செல்வராசு.

கையில் ஊசி

செல்வராசுவும் அவர் மனைவி பழனியம்மாவும் கிளியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள். காபிச் செடியின் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி பட்ட கால் புண் சீழ் பிடித்து, காய்ச்சலில் உளறிக்கொண்டே வந்தார் பழனியம்மா. பிரஷர் படுத்துவிட்டது. புண்ணிலிருந்த தொற்று உடம்பு முழுக்கப் பரவிவிட்டது, இது செப்சிஸ் என்றார் டாக்டர். உடனே சலைனும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றினோம்.

நான் மருந்து கலப்பதைச் செல்வராசு வைத்த கண் வாங்காமல் பார்த்தார். காலிக் குப்பியைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏனுங்க சிஸ்டர், புண்ணு கால்ல இருக்குது, நீங்க கையில குத்தறீங்க. மருந்துக்கு வழி தெரியுங்களா?"

மூத்திரப் பை

காய்ச்சல் தணிந்தது. பிரஷரும் ஏறியது. அப்பாடா என்று நினைத்த நேரத்தில், கட்டிலோரம் குழாயில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்போல, டிகாக்ஷன் நிறத்தில் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. கிட்னி சரியாக வேலை செய்யவில்லை. செல்வராசு வாசலை மறித்து நின்றார்.

"வரும்போது அவளுக்குக் காலு மட்டுந்தானுங்க கெட்டிருந்துச்சு. கிட்னி இங்க வந்துதான் கெட்டுச்சு."

டாக்டர் சொன்ன பதில்

வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று செல்வராசு ஒரே பிடியாக நின்றார். டாக்டர் அவரை உட்காரவைத்துப் பேசினார். "பிரஷர் படுத்தபோதே கிட்னி அடிபட்டிருக்கலாம். நாங்கள் போட்ட ஆன்டிபயாட்டிக்கும் சிலருக்குக் கிட்னியைப் பாதிக்கும். எது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கிருமி மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கிட்னிக்குக் கெடுதல் குறைந்த மருந்தாக மாற்றுகிறேன். அப்படியும் மூத்திரம் பிரியாவிட்டால் சேலத்துக்கு இறக்கி டயாலிசிஸ் செய்ய வேண்டும்."

டாக்டர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாரே, இனி ரகளைதான் என்று நினைத்தேன். செல்வராசு எழுந்து நின்றார்.

"தெரியலைன்னு சொன்ன மொத டாக்டரு நீங்கதானுங்க. போடுங்க. நா பக்கத்துலயேதான் நிப்பேன்."

தலையணைக்கு அடியில்

அடுத்தது நான் சந்தேகப்படும் முறை. படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணைக்கு அடியில் வலி மாத்திரை அட்டை ஒன்று அகப்பட்டது. ஒண்டிக்கடை முக்கிலுள்ள கடையில் வாங்கியது. புண் வந்த நாள் முதல் பழனியம்மா விழுங்கியிருக்கிறார். இங்கே வந்த பிறகும் விடவில்லை. அந்த மாத்திரையும் கிட்னிக்கு ஆகாது என்று சொன்னதும் செல்வராசுவின் முகம் செத்துப்போனது. வாங்கித் தந்தவர் அவர்தான். இத்தனை நாள் என்னைச் சந்தேகப்பட்டதற்கு நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பழனியம்மா முனகினார்:

"அவர வையாதீங்க சிஸ்டர். மூத்திரம் வந்துச்சா, மூத்திரம் வந்துச்சான்னுதான் எல்லாரும் கேட்டீங்க. வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கலீங்க."

மறுக்கா டெஸ்ட்டு

டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ஒரு காலையில் பை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. செல்வராசு அதைத் தூக்கிப் பிடித்து வார்டு முழுக்கக் காட்ட, "ஐயோ, கீழே இறக்குங்க, உள்ளே திரும்பிப் போயிடும்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது, எங்களைக் கேட்காமல் வலி மாத்திரை போடக் கூடாது, அடுத்த மாதம் வந்து ரத்தம் சோதிக்க வேண்டும் என்று சொன்னேன். செல்வராசுவின் கண் சுருங்கியது.

"நொம்ப நல்லா ஆயிருச்சுன்னீங்க, அப்பறம் எதுக்குங்க மறுக்கா டெஸ்ட்டு? இன்னும் என்னத்தையோ மறைக்கறீங்க!"

கிட்னியைக் கெடுத்தது கிருமியா, ஊசியா, மாத்திரையா என்று யாருக்கும் தெரியாமலே பழனியம்மா பிழைத்துவிட்டார். எங்கள் தொழிலில் இதற்கு வெற்றி என்று பெயர்.