இருபத்து மூன்றாம் இடம்

அந்த வீல் பேலன்ஸ் கடைக்காரருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. கடை உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'வரிசை'தான். "வரிசை இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் காரையே உள்ளே விடுவார்கள். எல்லாம் சுவரில் தொங்கும் கரும்பலகை செய்த வேலை. டயர் விலை எழுத வாங்கிய பலகை அது. வாங்கிய மாதமே விலையை அழித்துவிட்டு, தம் காதுக்கு உலகத்திலேயே உயர்ந்தவை என்று பட்ட பத்து ஆல்பங்களைச் சாக்பீஸால் எழுதி வைத்தார். அன்றிலிருந்து டயர் என்ன விலை என்று வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். 'மூணாம் பிளாட்பாரம்' குழுவின் 'ஈரத் துண்டு' ஏன் நான்காம் இடத்துக்கு இறங்கியது என்பதோ கேட்காமலே காதில் வந்து விழும்.

பலகையில் பத்து. அவர் தலைக்குள் அறுபது வரை ஓடும். அதற்குச் சட்டதிட்டங்கள் வேறு. ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை தாண்டாமல் கேட்க வேண்டும். பசியோடு ஒருமுறை, சாப்பிட்டுவிட்டு ஒருமுறை, தூக்கம் சொக்கும்போது ஒருமுறை. மூன்றிலும் நின்றால்தான் வரிசைக்குள் வரும். மேடையில் கேட்டதற்கு இடமே கிடையாது. "பக்கத்து சீட்டுக்காரன் அழுதா நமக்கும் அழுகை வரும். அது அவன் கண்ணீருக்குப் போடற மார்க்கு, பாட்டுக்கு இல்ல" என்பார்.

ஒருநாள் ஒரு வங்கி மேலாளர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, 'மஞ்சள் விளக்கு' குழுவின் முதல் ஆல்பத்தைவிட இரண்டாவதுதான் உசத்தி என்று வாயை விட்டுவிட்டார். சக்கரம் ஆடாமல் சுற்றுவதற்காக ரிம்மில் ஒட்டப்போன ஈயக் கட்டியை வரிசை கீழே வைத்தார்.

"சார், ரெண்டாவது ஆல்பத்துக்குள்ள அவங்களுக்குக் காசு வந்துருச்சு. காசு வந்ததும் வயலின் வச்சாங்க. வயலின் வச்சதும் பாடறவனுக்கு சோகம் வந்துருச்சு. முதல் ஆல்பத்துல பாவம், சோகப்பட அவனுக்கு நேரமே இல்ல."

மேலாளர் அதற்குப் பிறகும் அந்தக் கடைக்குத்தான் வருகிறார். வாய் எவ்வளவு நீண்டாலும் சக்கரத்தில் ஒரு கிராம் பிசகாது என்று அவருக்குத் தெரியும்.

இப்படி முகத்துக்கு நேரே பட்டென்று போட்டு உடைக்கிற மனிதர் ஒரே ஓர் ஆல்பத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை. அது அவர் மனைவி பாடியது.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வலியோடு வருகிறவர்களை உட்காரவைத்து, பயப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து உள்ளே அனுப்புகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் 'பக்கத்து வீடு' என்று நாலு பேர் சேர்ந்த ஒரு குழுவில் பாடினாள். 'குடை மறந்த நாள்' என்று ஒரே ஒரு கேசட் போட்டார்கள். ஆறு பாட்டு. பிறகு கீபோர்டுக்காரன் வேலை கிடைத்து வெளிநாடு போனான், டிரம்ஸ்காரன் டிரம்ஸை விற்று ஸ்கூட்டர் வாங்கினான். யாரும் யாரையும் தடுக்கவில்லை. பிழைப்பு வந்து கதவைத் தட்டியது, ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று வரிசை அவளிடம், "உங்க கேசட் என்கிட்ட இருக்கு" என்றார். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "நல்லா இருந்துச்சு" என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்யாணமான பிறகுதான் அந்த வார்த்தையின் விலை தெரிந்தது. சொந்தக்காரர்கள் எடுத்துக் கொடுத்த சட்டை, நண்பர் வீட்டுக்கு அடித்த பச்சைப் பெயின்ட், விருந்துக்குப் போன இடத்தில் உப்புக் கரித்த குழம்பு, இவற்றுக்குத்தான் அவர் 'நல்லா இருக்கு' என்று சொல்வார். நிஜமாகப் பிடித்தால் அரைமணி நேரம் குறை சொல்லிப் புகழ்வார். பிடிக்காவிட்டாலும் அரைமணி நேரம் ஆகும். 'நல்லா இருக்கு' என்றால் அந்தப் பேச்சுக்குக் கதவைச் சாத்திவிட்டார் என்று அர்த்தம்.

மகள் சின்னவளாக இருந்தபோது ஒருமுறை, "அம்மா கேசட் எத்தனாவது இடம்ப்பா?" என்று கேட்டாள்.

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதனாலதான் காக்காய யாரும் நீதிபதியா உட்கார வைக்கறதில்ல" என்றார் அவர். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் காதில் விழுந்தது. காக்கை பொன் குஞ்சு என்றாவது சொல்லியிருக்கும், இவர் அதையும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து இருபத்தெட்டு வருஷமாகவே அவர் வாய் திறக்காதது காலில் தைத்த முள்ளாக உள்ளேயே இருந்தது.

போன மாதம் அவளுடைய பழைய குழுவின் கிட்டார்க்காரர் போன் செய்தார். ஆள் உயரம், அதனால் அன்றும் இன்றும் அவர் 'நெட்டை'. இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. பள்ளியின் ஹால் ஒரு ஞாயிறு மாலை கிடைக்கிறது, கீபோர்டுக்காரனும் அப்போது லீவில் ஊருக்கு வருகிறான், நாலு பேரும் சேர்ந்து அந்த ஆறு பாட்டையும் ஒருமுறை பாடலாமா என்றார். "நீ சரின்னாதான். நீ இல்லாம அது வெறும் சத்தம்."

"யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

இரவு சாப்பிடும்போது விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நான் பாடலாமா?" என்று கணவரைக் கேட்டாள்.

"தாராளமா பாடு."

"உங்ககிட்ட பர்மிஷன் கேக்கல. மறுபடி மேடையேறிப் பாடற அளவுக்கு அது இருந்துச்சான்னு கேக்கறேன். உங்க காது மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. சொல்லுங்க."

வாயிலிருந்ததை அவர் தேவைக்கு மேல் மென்றார். "நல்லா இருந்துச்சு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் வரிசைக்கு வேலை ஓடவில்லை. சரியான சக்கரத்தையே இரண்டு தரம் மாட்டிச் சுற்றவிட்டார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். பலகையில் முதல் வரியை அழித்துவிட்டு 'பக்கத்து வீடு – குடை மறந்த நாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பெண்டாட்டி மனம் குளிரும் என்று நினைத்தார், பாவம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பக்கமாக வந்த மகள் பலகையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

மதிய இடைவேளையில், மருத்துவமனை அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அவள் கடைக்குள் வந்தாள். பெஞ்சில் வங்கி மேலாளர் இருந்தார். அவள் நேரே பலகையிடம் போய் முதல் வரியை உள்ளங்கையால் அழித்தாள்.

"இந்த சாரோட சண்டை போட உங்களுக்கு வாய் இருக்கு. கட்டினவகிட்ட உண்மை சொல்ல வாய் இல்லையா?"

மேலாளர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு சந்தோஷமா இருக்கும்னு..."

"நீங்க இத்தனை வருஷம் மார்க் போடாதது கூடப் பரவாயில்ல. இன்னைக்குப் போட்டீங்களே, அதுதான் தாங்கல. பாவம் பார்த்துக் குடுக்கற முதலிடம் எனக்கு எதுக்கு? அந்த ஆறு பாட்டையும் நாங்க விளையாட்டுக்குப் பண்ணல."

வரிசை அடுக்கி வைத்திருந்த டயர்கள்மேல் உட்கார்ந்தார். சாக்பீஸ் தூளைக் கால்சட்டையில் துடைத்தார்.

"இருபத்தி மூணு" என்றார்.

"என்ன?"

"உன் கேசட். இருபத்தி மூணாவது இடம். வருஷத்துக்கு ஒரு தரம், நீ வேலைக்குப் போனப்புறம் எடுத்துக் கேப்பேன். பசியோட, சாப்பிட்டு, தூக்கத்தோட. அங்கேயேதான் நிக்குது."

அவள் அவரையே பார்த்தாள். "சொல்றதுக்கென்ன?"

"இருபத்தி மூணுன்னு சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவியோன்னு பயம்."

"நான் வரிசையிலயே இல்லன்னு நினைச்சுட்டு இருந்தேங்க" என்றாள். "இருபத்தெட்டு வருஷமா."

அவருக்குத் தலையில் யாரோ அடித்தது போல் இருந்தது. அறுபது வரை எண்ணத் தெரிந்த தலைக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலாளருக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். "ஏன் இருபத்தி மூணு? சொல்லுங்க."

கேட்டதுதான் தாமதம், அடைத்து வைத்திருந்த மடை திறந்தது. "மூணாவது பாட்டு இழுக்குது. டிரம்ஸ்காரன் உனக்காகக் காத்திருக்கான், நீ அவனுக்காகக் காத்திருக்க. வாசல்ல ரெண்டு பேர் 'நீங்க முதல்ல போங்க'ன்னு நிக்கற மாதிரி. ரெண்டாவதுல கடைசி வரி மூச்சு பத்தாம முழுங்கற. ஆனா அஞ்சாவது, நீயும் கிட்டாரும் மட்டும் வர்றது, அது இல்லன்னா மொத்தமும் நாப்பதுக்குப் போயிருக்கும். துளி பயமில்லாம பாடியிருக்க."

"அஞ்சாவதுலயா? கையில காசு தீர்ந்துபோச்சு, ஒரே தடவைதான் எடுப்பேன்னு ஸ்டுடியோக்காரர் சொல்லிட்டார். பயத்துல எனக்குக் காலே நிக்கல."

"பயந்த குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரியலையே. நாலாவதுல சுருதி சேரல, அதையும் நீங்க கண்டுபிடிக்கல. நான் போட்டா முப்பதுதான்."

"முப்பதா? முப்பதுல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?" அவர் எழுந்தே விட்டார்.

அன்று மேலாளரின் கார் முடிய வெகுநேரம் ஆனது. அவர் ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை. அவள் மருத்துவமனைக்குத் தாமதமாகத் திரும்பினாள், போகிற வழியிலேயே நெட்டைக்குப் போன் போட்டாள். "பாடறேன். ஆனா மூணாவது பாட்ட வேகமா எடுக்கணும். எங்க வீட்டுக்காரர் சொல்றது சரிதான்."

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பாதிதான் கூட்டம். வரிசை கடைசி வரிசையில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பாட்டு இழுக்காமல் போனது. ஐந்தாவதில் அவளும் கிட்டாரும் மட்டும். அவள் அவசரமே படாமல், தன் வீட்டுக்குள் நடப்பதைப் போல் பாடினாள். வரிசையின் பக்கத்து இருக்கையில் யாரும் அழவில்லை. பழி போட ஆள் கிடைக்காமல் அவர் தாமே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்து "சூப்பர், பிரமாதம்" என்றார்கள். அவள் அவர்களுக்கு மேலாக அவரைத் தேடினாள். அவர் மெதுவாக வந்து நின்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"மேடைக்கு நான் இடம் போடறதில்ல, தெரியுமில்ல."

"தெரியும்."

"ஆனா அஞ்சாவது பாட்டு... பயமில்லாத குரல் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீ சொன்னது சரி, கேசட்ல நீ பயந்திருக்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதனால பழசு இருபத்தஞ்சுக்கு இறங்குது."

பக்கத்தில் நின்ற நெட்டைக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா சொல்வார் ஒரு மனுஷன்?

அவளோ கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன எதுவும் அவளை இத்தனை சந்தோஷப்படுத்தியதில்லை. நெட்டையின் பக்கம் திரும்பி, "நல்ல ஸ்டுடியோவா ஒண்ணு பாரு" என்றாள்.