நீலத்துக்கு ஒரு காரணம்

“இது பங்காருபேட்டை” என்று சொல்லி, இடது முழங்கைக்கு மேலே ரத்தம் கட்டியிருந்த நீலத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார் ஏனோக் மாமா. அதற்குக் கீழே மஞ்சளாகிக்கொண்டிருந்தது போன வாரத்து ஒயிட்ஃபீல்டு. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பொட்டு மாதிரி இருந்தது யாரோ ஒரு காலேஜ் பையனின் லேப்டாப் பை. எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டார். குற்றவாளிகள் பிடிபட்டார்கள், விசாரணை முடிந்தது, இனி டீ.

தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்க வேலைக்காரர்களுக்காகக் கட்டிய எங்கள் லைனில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் அம்மா “ஸ்தோத்திரம்” என்பாள். மாமா ஐம்பதைத் தாண்டிய ஆள், ஈர்க்குச்சி உடம்பு. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. விடிவதற்கு முன்னால் ரயில் ஏறுவார். சாம்பியனில் ஏறும்போது பெட்டி காலியாகத்தான் கிடக்கும், ஆனால் உட்கார மாட்டார். “உக்காந்தா தூங்கிடுவேன், தூங்கினா எறங்கற எடத்தத் தாண்டி கண்டோன்மெண்ட்ல போய் முழிப்பேன்” என்பது அவர் கணக்கு. கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பங்காருபேட்டையில் ஊரே ஏறும்போது கதவோரத்தில் நிற்பவருக்கு என்னென்ன கிடைக்குமோ அத்தனையும் அவருக்குக் கிடைக்கும். ஆகவே கையில் நீலம் இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய வேலையே ஒரு கேள்விதான். “இன்னா விஷயமா வந்திருக்கீங்க?” விஷயம் சொல்பவர் உள்ளே போகலாம், சொல்லத் தெரியாதவர் வெயிலில் நிற்கலாம். கேட்டைப் பூட்டிவிட்டு வந்தாலும் கேள்வி கூடவே வந்துவிடும். கறிவேப்பிலை கேட்டு வாசலில் நின்றால்கூட “இன்னா விஷயம்?” என்றுதான் ஆரம்பிப்பார். நான் ஒருநாள் “சும்மாதான் மாமா” என்று சொல்லிவிட்டு நின்றேன். சும்மா வருகிறவனை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், உள்ளே கூப்பிட்டு முறுக்கு கொடுத்தார்.

எதற்கும் காரணம் கேட்கிற இந்தக் குணம் தன் அப்பாவிடமிருந்து வந்தது என்பார். அப்பா சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவர். எந்த லெவலில், எது விழுந்து, எங்கே பட்டது என்று சொல்ல முடிந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போவாராம். காரணம் சொல்ல முடியாத வலியோடு போனால் கூட வேலை செய்கிறவர்கள் ஷிப்டுக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று சிரிப்பார்களாம். சுரங்கத்தை மூடியாகிவிட்டது. அந்தச் சிரிப்புக்கு மட்டும் மாமா இன்னும் பயப்படுகிறார்.

அவர் கையின் நீலத்துக்கு லைனில் வேறொரு காரணமும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சாரா அத்தை மாமாவைப்போல இரண்டு மடங்கு. தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையில் தூக்குகிறவர். குழாயடியில் மாமாவின் கையைப் பார்த்த பெண்கள், “இன்னா சாரா, ராத்திரி பூசையா?” என்று கேட்பார்கள். “சொன்ன பேச்சு கேக்கலன்னா குடுப்பேன்” என்று அத்தையும் சிரிப்பார். மாமாவுக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. எந்த ஸ்டேஷனிலும் சேராத ஒரு நீலம் வந்தால், “இது உங்க அத்தை டிபார்ட்மெண்ட்” என்று சொல்லிவிடுவார். ஒருநாள் குழாயடியில் அதே கேள்வி வந்தபோது அத்தை சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத்தான் அவர் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

மாமாவின் பயம் அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, என் போனில் ஒன்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அடி படாமல் உடம்பில் ரத்தம் கட்டினால் என்ன அர்த்தம் என்று. “நம்ம ட்ரெய்ன்ல ஒருத்தருக்கு” என்றார். வாசித்தேன். வயதானால் தோல் மெலியும், சில மாத்திரைகளால் வரும், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை என்று போட்டிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஈறில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் அடிக்கடி வந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்கவேண்டும், சில சமயம் ரத்தத்திலேயே நோய் இருக்கலாம் என்று அடுத்த வரி ஆரம்பித்தது. “சரி சரி, ஸ்கோர் இன்னா பாரு” என்றார். அன்றைக்கு மேட்ச்சே இல்லை.

ஈறு விஷயத்துக்கும் அவரிடம் குற்றவாளி இருந்தது. பிரஷ். “மட்டமான பிரஷ், முள்ளு மாதிரி குத்துது.” மெத்தென்று ஒன்று வாங்கினார். அதற்கும் எச்சில் சிவப்பாக வந்தது. குழந்தைகளுக்கான பிரஷ் வாங்கினார், கைப்பிடியில் வாத்து. வாத்துக்கும் சிவப்பாகத்தான் வந்தது.

அப்புறம் லீவு வந்தது. எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் எடுத்துத் தீர்க்கும்படி சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரயில் இல்லை, கேட் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், சாப்பிட்டார், தூங்கினார். லீவு முடிகிற நேரத்தில் கைக்கு உள்பக்கம், அக்குளுக்குக் கீழே ஒரு புது நீலம். சவுக்குக்கட்டை விழுந்தாலும் படாத இடம் அது. மாமா யோசித்து, நாற்காலிக் கையைக் கைது செய்தார்.

எனக்கு அது நாற்காலிமேல் போட்ட பொய் வழக்கு என்று பட்டது. நாவல்பழத்தை நசுக்கி என் முன்கையில் பூசினேன். ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்தூள், நம்பும்படி இருக்க. போய்க் காட்டினேன். மாமா கண்ணாடியை மாட்டினார், ஒரே பார்வைதான். “சைக்கிள் ஹேண்டில்பார். திருப்பும்போது இடிச்சிருக்கும், உனக்கு ஞாபகம் இருக்காது.”

என்னிடம் சைக்கிளே கிடையாது. எச்சில் தொட்டுத் துடைத்துக் காட்டினேன்.

எருமை, கழுதை என்று வழக்கமாகத் திட்டில் வருகிற பிராணிகள் எதுவும் வரவில்லை. பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். ஓரமாக எட்டிப் பார்த்தேன். பேப்பருக்குப் பின்னால் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, தன் கையில் இருந்ததைத் தேய்த்துப் பார்த்தார். அது அப்படியே இருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த அத்தையிடமிருந்தும் பேப்பர் அதை மறைக்கவில்லை.

“நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்” என்றார் அத்தை.

“போய் இன்னான்னு சொல்றது? எங்க அடிபட்டுதுன்னு கேப்பாங்க.”

“தெரியலன்னு சொல்லு.”

“தெரியாதுன்றவன யாரு உள்ள உடுவாங்க?”

“உன் கேட்டுல நீ உட மாட்ட. அங்க அதுக்குத்தான் உடுவாங்க.”

மாமா பேரம் பேசிப் பார்த்தார். இதெல்லாம் தானாக மஞ்சளாகி மறைந்துவிடும், இன்னொன்று வந்தால் கட்டாயம் போகலாம் என்றார்.

“இன்னொண்ணு வந்தா அதுக்கும் ஒரு ஸ்டேஷன் பேரு வெப்ப” என்று சொல்லிவிட்டு அத்தை அரிசியை உலையில் போட்டார்.

காலையில் ராபர்ட்சன்பேட்டைக்கு ஆட்டோ. மாமா நடுவில், அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இறங்கி ஓடிவிடாமல் இருக்க என்னைக் கூட்டிப்போனதாக அத்தை சொன்னார். படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார் மாமா. “எந்தப் படி? நம்ம வூட்ல படியே இல்ல” என்றார் அத்தை. க்ளினிக்கில் டோக்கன் கொடுத்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என்ன விஷயம் என்று கேட்டாள். அதைக் கேட்டே சம்பளம் வாங்குகிற ஆள், அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“ஜெனரல்” என்றார் மாமா கடைசியில்.

டாக்டர் மமதா சின்ன வயசு. இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டார். எனக்கே படியில் வழுக்கியது என்று எடுத்துக்கொடுக்கலாம்போல இருந்தது.

“தெரியலைங்க மேடம்.”

டாக்டர் சிரிக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஈறில் ரத்தம் வருமா? மாமா பிரஷைப் பற்றி ஆரம்பிக்கப் பார்த்து, பிறகு, “வருதுங்க” என்றார். மாத்திரை ஏதாவது? முதுகுவலிக்கு மெடிக்கலில் சில்லறையாக வாங்கி விழுங்குவதை அத்தை சொன்னார். அதை இன்றைக்கே நிறுத்தவேண்டும், அதனாலும் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம், ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். இன்றைக்கே கொடுத்துவிட்டுப் போங்கள், ரிப்போர்ட் வந்ததும் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அத்தை சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். நானும் கதவைத் திறந்துவிட்டேன்.

மாமா ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“மேடம், இன்னும் கீது” என்றார்.

சட்டையையும் பனியனையும் சேர்த்து உருவித் தூக்கினார். இடுப்பிலும் விலாவிலும், எந்த ஸ்டேஷனிலும் எந்த நாற்காலியிலும் சேர்க்காமல் வைத்திருந்த நீலங்களெல்லாம் இருந்தன. கொஞ்ச நாளாகக் குளிர்கிறது என்று பனியனோடு தூங்கியது எதற்கு என்று அத்தைக்கு அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். மாமா அவர் பக்கம் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொள்ளத் தோதாகச் சட்டை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, டாக்டருக்கு நன்றாகத் தெரியும்படி ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.