உத்திராபதி போட்ட தூக்கு

உத்திராபதி யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் பதினோரு பேரைத் தூக்கில் போட்டிருக்கிறார். எல்லாம் காகிதத்தில்தான்.

கோட்டுச்சேரிக்காரர். காரைக்கால் கடைத்தெரு, சந்தை, திருவிழா என்று கூட்டம் கூடுகிற இடத்தில் கஞ்சிராவைத் தட்டி, ஊரில் நடந்த கொலைகளைக் கொலைச்சிந்தாகக் கட்டிப் பாடுவார். பாடி முடித்ததும் அதே பாட்டை அச்சடித்த எட்டுப் பக்கப் புத்தகத்தை விற்பார். பாடி முடித்ததும் என்று சொன்னது தப்பு. அவர் முடிக்கவே மாட்டார். கொலைகாரன் கோர்ட்டுப் படி ஏறுகிற இடத்தில் கஞ்சிராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுவிடுவார். மிச்சம் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜனம் வாங்கியதே அந்த முடிவுக்காகத்தான். 'விசாரணை நடக்கிறது' என்று முடிகிற சிந்தை எந்த மடையன் வாங்குவான்? கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வருஷக்கணக்கில் ஆகும். அதற்குள் ஊருக்குக் கொலையே மறந்துபோகும். அதனால் போலீஸ் ஆளைப் பிடித்த கையோடு உத்திராபதி தீர்ப்பை எழுதி அச்சுக்குக் கொடுத்துவிடுவார். இது சரியா என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எழுபத்து நாலில் பூவம் கிராமத்து ராசாத்தி ஆற்றில் பிணமாக மிதந்தாள். முதல் நாள் சாயங்காலம் அவளும் புருஷன் செல்லையனும் போட்ட சண்டையைத் தெருவே கேட்டிருந்தது. செல்லையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் 'ராசாத்தி கொலைச்சிந்து' சந்தைக்கு வந்தது. மூன்று தடவை திருப்பி அச்சடித்தும் பற்றவில்லை. கடைசிப் பக்கத்தில் செல்லையன் தொங்கினான்.

எழுபத்தேழில் மேல் கோர்ட்டு அவனை விடுதலை செய்தது. ராசாத்திக்கு வலிப்பு உண்டு, துணி துவைக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள் என்று தீர்ப்பு. நல்ல சேதிதான். உத்திராபதிக்கு மட்டும் அது நல்ல சேதியாக இல்லை.

ஆள் முதலில் தென்பட்டது கோட்டுச்சேரியில். கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒட்ட வெட்டிய தலையோடு நின்றான். வலது கை துண்டுக்குள் மறைந்திருந்தது. பாட்டுக்குச் சிரிக்கவும் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. எல்லாரும் கலைந்த பிறகு கிட்டே வந்தான்.

"ராசாத்தி பாட்டு இருக்கா?"

உத்திராபதி பழைய கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். அடுத்த வாரம் காரைக்காலில் அதே ஆள், அதே கேள்வி. அதற்கடுத்து பூவத்தில். அங்கேதான் யாரோ காதில் சொன்னார்கள், அது செல்லையன் என்று.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"போலீசு சொன்னதத்தானே பாடுனீங்க? இதுல என்ன இருக்கு?" என்றாள் மனைவி பூவாயி.

"போலீசு புடிச்சோம்னுதான்டி சொன்னுச்சு. தொங்கவுட்டது நான்தானே."

நாலாவது தடவை பட்டப்பகலில், காரைக்கால் கடைத்தெருவில், செல்லையன் வந்து எதிரே நின்றான். புத்தகம் கேட்கவில்லை.

"அண்ணே, என்கூட வாங்க."

"எங்கப்பா?"

"பட்டினத்துக்கு."

உத்திராபதி கஞ்சிராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். திருமலைராயன்பட்டினம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, அவன் இந்தப் பக்கம் வழியை அடைத்து உட்கார்ந்துகொண்டான். துண்டுக்குள் இருந்த கை வெளியே வரவேயில்லை. பாலத்தில் பஸ் மெதுவாக ஏறியபோது, இவன் எந்த இடத்தில் இறக்கிக் குத்துவான் என்று உத்திராபதி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் செல்லையன் நின்றான். கையை எடுத்தான். கத்தி இல்லை. அழுக்கு ரிப்பன் ஒன்றைச் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"எம் பொண்ணுக்கு ஒம்பது வயசுண்ணே. அவ பெரியம்மாகிட்ட இங்க வளர்றா. அப்பன் வந்துருக்கேன்னா, எங்கப்பாவத் தூக்குல போட்டாச்சு, நீ யாருங்குறா. உங்க பாட்டு அவளுக்கு மனப்பாடம். கெடைச்ச புத்தகத்தையெல்லாம் வாங்கி அடுப்புல போட்டுட்டேன், அவ வாயில இருக்கறத என்ன பண்றது? நீங்க வந்து அது பொய்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

உத்திராபதிக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானே!

ராசாத்தியின் அக்கா காசியம்மா வாசலிலேயே செல்லையனை நிறுத்திவிட்டாள். "கோர்ட்டு உட்டுரும், நான் உடமாட்டேன். இருந்தாலும் புள்ள வர்றேன்னா கூட்டிட்டுப் போ. எனக்குப் பேச்சில்ல" என்றாள்.

செல்லையன் மகள் கல்யாணசுந்தரி உள்ளே தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, அந்தப் பாட்ட நான்தாம்மா கட்டுனேன்" என்றார் உத்திராபதி. "அது பூராவும் பொய். அந்தா நிக்கிறாரே, அவருதான் உங்கப்பா."

"பூராவுமா?"

"பூராவும்தான்."

அவள் யோசித்தாள். பிறகு மெல்லிய குரலில் பாடினாள்.

கண்ணே கல்யாணசுந்தரி – உன்னைக்
காணாமல் போகிறேனடி
பெண்ணே உன் தலைவாரவே – இனிப்
பெற்றவள் இல்லையடி

சாகிறவள் பிள்ளையைக் கூப்பிட்டு அழுகிற அடி. உத்திராபதியின் எல்லாச் சிந்திலும் அது வரும், பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றிப் போடுவார். பெண்கள் மூக்கைச் சிந்துவதும் புத்தகத்துக்குக் கை நீட்டுவதும் அந்த இடத்தில்தான்.

"எங்கம்மா சாவுறப்ப என்னைக் கூப்புட்டுச்சே, அதுவும் பொய்யா மாமா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. வாசலில் செல்லையன் ரிப்பனை இறுக்கிப் பிடித்தபடி அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றான். அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் உத்திராபதி சொல்லியிருப்பார். மூன்று வருஷமாக அவளிடம் அம்மா என்று இருந்தது அந்த நாலு வரிதான். அதையும் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை.

"அது மட்டும் நெசம்மா" என்றார்.

கல்யாணசுந்தரி தலையை ஆட்டினாள்.

"அப்ப அம்மா தானா விழல. கொல்லப் போறாங்கன்னு தெரிஞ்சுதானே என்னைக் கூப்புட்டு அழுதுருக்கு."

உத்திராபதி பதறிப்போனார். "இல்லம்மா, இல்ல, அதுவும் நானா எழுதுனதுதான், உங்கம்மா எதுவுமே..."

"இப்பத்தான் பொய் சொல்றீங்க" என்றாள் பிள்ளை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். காசியம்மா கதவைச் சாத்தினாள்.

செல்லையன் கை ஓங்கவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்கள நம்பித்தானேண்ணே கூட்டியாந்தேன்" என்றான்.