பதினோரு பொங்கலின் பெயின்ட்

பெயின்ட் அடிப்பதைவிடப் பெயின்ட் உரிப்பதில்தான் எனக்குத் திறமை அதிகம். மனைவியிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, வீட்டுச் சுவரைப் பார்த்தாலே தெரிகிறது என்றாள். சுவர் தானாக உரிந்தது. நான் உரித்தது ஒரு காளையை, ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது.

காளை என்றால் ஒரு சாண் உயரம். ரெசின் என்ற சொல் அப்போது எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. பைபர் பொம்மை என்போம். நல்லம்பள்ளிப் பக்கத்து எங்கள் வீட்டில், ஷோகேஸின் நடுத் தட்டில் அது நின்றது. மேல் தட்டில் சாமி படங்கள். என் புரோகிரஸ் கார்டு கீழ்த் தட்டில், அதுவும் செய்தித்தாளுக்கு அடியில். மரியாதையின் வரிசை அது.

அப்பா தலைப்பொங்கலுக்கு அம்மாவின் ஊருக்குப் போனபோது கொண்டுவந்த பொம்மை. பொம்மிடியை ஒட்டிய ஊர். புது மாப்பிள்ளை தன் காளையையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். "எருது வுட்டாங்க. நம்ம காளை ஓடுச்சு. பொம்மை வந்துச்சு." வருடா வருடம் அப்பா சொல்லும் வரலாறு இந்த மூன்று வாக்கியம்தான். மற்றதைக் கேட்பவர்களே நிரப்பிக்கொண்டார்கள். நான் கொஞ்சம் தாராளமாகவே நிரப்பினேன். என் வகுப்பில் அந்தக் காளை எழுபது மாடுகளைத் தோற்கடித்திருந்தது.

பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு எனாமல் பெயின்ட் பூசுவோம். டப்பாவில் மீந்ததை அப்பா பொம்மைக்கும் பூசிவிடுவார். மாடுகளுக்குள் பாரபட்சம் கூடாது என்பது அவர் கொள்கை. பதினோரு பொங்கல் இப்படிப் போனதில் பொம்மை நன்றாகச் சதை பிடித்துவிட்டது. கண் மூடிப்போயிற்று. கொம்பு கட்டைவிரல் மாதிரி ஆனது. விருந்தாளி ஒருவர் அதைப் பார்த்து, "பன்னி பொம்மை நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, காபி வராமலேயே எழுந்து போக வேண்டியிருந்தது.

அந்த வருடம் அடுத்த வீட்டுப் பெரியப்பாவின் காளை, எருது விடும் விழாவில் மூன்றாம் பரிசு வாங்கியது. பரிசு ஓர் எவர்சில்வர் அண்டா. பெரியப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவார்களே, அந்த மாதிரி அதில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினார்.

"பரிசுன்னா எழுத்துன்னு ஒன்னு இருக்கணும் தம்பி. உன் பொம்மையில எங்க இருக்குது? சந்தையில கூடத்தான் பைபர் மாடு விக்கிது."

"பெயின்ட்டுக்கு அடியில இருக்குதுண்ணா" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப காட்டு. முதல் பரிசுன்னு ஒரு எழுத்து இருந்தாப் போதும், ஊர் முன்னால நானே உன் மாட்டுக்கு மாலை போடறேன்."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. குடும்ப மானம் இனி என் கையில் என்று எனக்குப் பட்டது. அப்பாவிடம் சொன்னேன். "வுடுறா. பழைய பொம்மை, ஒடைஞ்சிடப் போவுது" என்றார். அதை அவருடைய அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாததால் எடுத்துக்கொள்ளவே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் எதைச் சுத்தம் செய்வதென்றாலும் முதலில் கை போவது புளிக்குத்தான். ஓர் உருண்டையைக் கரைத்து, காளையைப் பக்கெட்டில் முக்கி, அம்மாவின் ரோஸ் கலர் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அது அவள் கல்யாணத்துக்கு வந்த பெட்டி. அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது காளையில் ரச வாசனை வந்தது. பெயின்ட் அப்படியே இருந்தது.

அடுத்து தின்னர். மெயின் ரோட்டில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் அண்ணனிடம், பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லி ஒரு மூடி வாங்கிவந்தேன். இடது காதில் துணியால் தேய்த்தேன். பெயின்ட் கரைந்தது. சந்தோஷத்தில் இன்னும் தேய்த்தேன். காதும் மெழுகு மாதிரி குழைந்து துணியோடு வந்துவிட்டது.

ஒற்றைக் காது காளையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அந்த அண்ணனிடமே ஓடினேன். அவர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரமானது.

"இது பைபர்டா. தின்னர்ல ஊற வெச்சிருந்தீன்னா பெயின்ட்டும் போயிருக்கும், மாடும் போயிருக்கும். சுடுதண்ணியில சலவைச் சோடாவப் போட்டு ஊற வெய்யி. பெயின்ட் தோல் மாதிரி தூக்கிக்கும். பிளேடு வெக்காத, மூங்கில் சிம்புல சொரண்டு."

அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் பெயின்ட் தொளதொளவென்று தூக்கிக்கொண்டு நின்றது. பச்சைக்குக் கீழே சிவப்பு, அதற்குக் கீழே நீலம், மஞ்சள், மறுபடி பச்சை. நான் பிறந்த வருடத்துப் பொங்கல் வரை சுரண்டி, அதற்கும் முன்னே போனேன். மூடியிருந்த கண் ஒருநாள் மதியம் திறந்து என்னைப் பார்த்தது. கழுத்தில் மணி இருந்தது. திமிலில் மடிப்பு இருந்தது. பன்னி என்று யார் சொன்னது?

பீடத்தில் ஒரு சின்னத் தகடு தட்டுப்பட்டது. அதன் மேல் மட்டும், எல்லாப் பெயின்ட்டுக்கும் அடியில், ஒரு கோட் ரோஸ். எங்கள் மாட்டுக் கொம்பு ஒரு வருடமும் ரோஸாக இருந்ததில்லை. இது என்னடா புது நிறம் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே சுரண்டினேன். பித்தளை. கறுத்துப்போயிருந்தது. புளிக்குக் கடைசியில் ஒரு வேலை வந்தது. தேய்க்கத் தேய்க்கப் புள்ளி எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னின. 'முதல் பரிசு' என்பது கண்ணில் பட்டதும் மீதியைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. காளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன்.

பெரியப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் சேர்ந்தது. அப்பாவும் அம்மாவும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். "சத்தமாப் படிடா" என்றார் பெரியப்பா. பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் நின்று படித்தேன்.

"மகளிர் மெது சைக்கிள் போட்டி. முதல் பரிசு."

பெரியப்பா அப்பாவை நிதானமாகப் பார்த்தார். "ஏன் தம்பி, உன் காளை சைக்கிள் கூட ஓட்டுமா?"

தெரு சிரித்தது. அம்மா அவசரமாக முன்னால் வந்தாள். பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "எங்கூர்ல எல்லாப் போட்டிக்கும் ஒரே மாதிரி பொம்மைதாங்க மாமா வாங்கியிருந்தாங்க. கமிட்டிக்காரங்க தகட மாத்தி ஒட்டிட்டாங்க."

பெரியப்பாகூட அதை நம்பியிருப்பார். கெடுத்தது அப்பாதான்.

"மாறலண்ணா" என்றார். "இவதான் ஓட்டுனா. மாடு பாதியில நின்னு, அலங்கார வளைவுல கட்டியிருந்த வாழையத் தின்னுட்டு இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டு மருமகள்கள் அந்நாளில் சைக்கிளைத் துடைப்பார்கள், ஓட்ட மாட்டார்கள். பெரியப்பா அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவளா? ஓட்டிக் காட்டச் சொல்லு" என்றார். அவர் மகள், என் அக்கா, சொல்லி முடிப்பதற்குள் தன் லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். "ஏறுங்க சித்தி!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

எங்கள் வாசலிலிருந்து குழாயடி வரை முப்பது அடி இருக்கும். அதைக் கடக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு தண்ணீர்க் குடம் நிறைந்து வழிந்தது. குடத்துக்காரி குழாயை மூட மறந்துபோனாள். கால் தரையில் படவில்லை. ஹேண்டில் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். நடுவில் ஒரு கோழி அவளை நிதானமாக முந்திக்கொண்டு போனது. கோழி முந்தியதும் அக்கா விசிலடித்தாள். என் அம்மா தோற்பதையே ஒரு வித்தையாகச் செய்துகொண்டிருந்தாள்.

பெரியப்பா சொன்ன சொல் தவறாதவர். சாமந்தி மாலை வரவழைத்தார். தம்பி மனைவிக்குப் போட முடியாது, மாட்டுக்குப் போட மனமில்லை. கொஞ்ச நேரம் மாலையோடு தவித்து நின்றுவிட்டு, சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த பொங்கலுக்கு அப்பா புது டப்பாவே வாங்கிக் காளைக்கு வெள்ளையடித்தார். தகட்டின் மேல் காகிதம் ஒட்டி, ஒரு சொட்டுப் படாமல் பார்த்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தில் கதையைத் திருத்தி வெளியிட்டேன்: அப்பா அம்மாவின் பரிசை மாட்டுக்குக் கொடுத்து, எழுத்தைப் பெயின்ட்டால் மறைத்துவிட்டார், நான் கண்டுபிடித்து நீதி வழங்கினேன். வெகுகாலம் இந்தப் பெருமையோடுதான் வாழ்ந்தேன்.

என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம், அந்த டிரங்குப் பெட்டியை எனக்குத் தருவதாக அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள். நன்றாக அடித்திருக்கிறார்களே, இந்த ரோஸ் எந்தக் கடையில் வாங்கியது என்று சும்மா கேட்டேன்.

"கடை எங்க ஞாபகம் இருக்குது? எங்கம்மா வூட்டுல நான்தான் அடிச்சேன். மீதி டப்பாவ அங்கயே பரண்மேல போட்டுட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு மூலையைத் துடைக்கத் தொடங்கினாள். அன்று தகட்டின் மேலிருந்து நான் சுரண்டியதும் இதே ரோஸ்தான். ஒற்றைக் காது காளை, ஷோகேஸிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.