ஒரு படத்தின் தாழ்ந்த சுரம்

அந்தப் படத்தின் கதை எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. ஒரு விண்கலம் எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தவர்கள் அதிகம் பேசவில்லை. பேசிய கொஞ்ச ஆங்கிலமும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் திரை இருண்டு நட்சத்திரங்கள் நகரத் தொடங்கியதும், கீழேயிருந்து ஓர் ஒலி எழும்பியது. எனக்குத் தெரிந்த எந்த வாத்தியமும் இல்லை அது. மூச்சு விடத் தேவையில்லாத ஏதோ ஒன்று ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அதை மெல்ல அகலமாக்கிக்கொண்டே போனது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்துகொண்டு மூழ்குகிற மாதிரி இருந்தது எனக்கு.

பக்கத்தில் என் தங்கை. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவள்; காது மட்டும் திரும்பவில்லை. உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், சின்ன வயதில் பழகிய சில சொற்களைக் கனத்த குரலில் பேசுவாள். ஆங்கிலப் படம் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். அங்கே நாங்கள் இரண்டு பேரும் சமம் அல்லவா. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு சிகந்திராபாத் வரை பஸ் ஏறி வந்திருந்தோம்.

அந்த ஒலி எழுந்ததும் அவள் என் கையைப் பற்றினாள். "கேக்கு" என்றாள், தன் காதைத் தொட்டுக் காட்டி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்களுடையது காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் ஒரு திருநெல்வேலி வீடு. அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவளைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கியவர். இனி எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்திருந்தார். "அது அதிர்வும்மா. ரயில் வந்தா நமக்கே காலு வழியாத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அம்மா தங்கைக்குச் சோறு போட்டாள்.

நான் அப்போது பாலாநகரில், விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் ஆலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தினமும் ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்க வேண்டும். ஹுசேன் சாகர் ஓரமாகப் பஸ் போகும்போது, இளவெயிலில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். கண்ணை மூடினால் அந்தச் சுரம் வந்துவிடும். பஸ் இஞ்சினிலும், தாழ்வாரத்துக் காற்றாடியிலும், மதியம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள பாறைகளின் சூட்டிலும்கூட அதுவே கேட்பதாக எனக்குத் தோன்றிய நாட்கள் அவை. வேலையில் கவனம் சிதறியது.

பக்கத்து பெஞ்சில் இருந்தவள் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளிடம் அந்த ஒலியை வாயால் பாடிக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, என் மேஜையில் இருந்த, மின்னலைகளை உண்டாக்கும் சிக்னல் ஜெனரேட்டரை ஒரு சின்ன ஸ்பீக்கரோடு இணைத்து, குமிழைத் திருகினாள். சுரம் கீழே இறங்கி இறங்கி, ஓர் இடத்தில் நின்றது. படத்தில் கேட்ட அதே சுரம்.

"ஹவ், இதேதான். நாலஞ்சு பெட்டிய ஒண்ணாச் சேத்து, கீபோர்ட் வச்சா சிந்தசைஸர், படத்துல வாசிக்கற வாத்தியம். கைக்கு இப்படி முழிக்கற?" என்றாள். ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்குக் கைக்கு என்று ஊர் உருது கலந்துதான் அவளுக்குத் தமிழ் வரும்.

தினமும் எட்டு மணி நேரம் என் கைக்கடியில் இருந்த பெட்டிதான் அது. அலையைத் திரையில் கோடாகப் பார்த்திருந்தேனே தவிர, ஒருநாளும் காதால் கேட்டதில்லை.

அதன் பிறகு, தங்கைக்காக அப்படி ஒரு பெட்டியை வீட்டிலேயே செய்ய, ஞாயிறுதோறும் கோட்டி கடைத்தெருவுக்குப் போய் உதிரிபாகங்கள் வாங்கினேன். எங்கள் ஊர்ப் பேச்சில் கோட்டி என்றால் பைத்தியம். நான் கிளம்பும்போதெல்லாம் அம்மா, "கோட்டி பிடிச்சவதான் கோட்டிக்குப் போவா" என்பாள். இருந்தாலும், நான் சாலிடர் வைக்கும்போது மேஜை விளக்கை அவள்தான் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள்.

பெட்டி தயாரான அன்று தங்கையைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னேன். தாழ்ந்த சுரத்தைக் கொடுத்தேன். விரல் உயர்ந்தது. குமிழை மேலே திருகத் திருக, விரல் தயங்கி மடங்கியது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு, தானே குமிழைப் பிடித்தார். அவளுக்குத் தெரியாமல் ஒலியை நிறுத்தினார், கொடுத்தார், மறுபடி நிறுத்தினார். விரல் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

அப்பா குமிழிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நாளைக்கு லீவு போடுதேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒலி புகாத அறைக்குள் அவளை உட்கார வைத்துச் சோதித்தார்கள். தாழ்ந்த ஒலிகளை மட்டும் கேட்கும் திறன் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, முன்பு சோதித்தபோது குழந்தை பயந்துபோய்ப் பதில் காட்டாமல் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். சட்டையில் குத்திக்கொள்ளும் பெட்டியும் காதுக்கு ஒரு வயருமாகக் கருவி வந்தது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. லாரி கேட்டது, தவில் கேட்டது, இடி கேட்டது. சொற்களுக்கு அவள் பழையபடி உதடுகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஆனால் அப்பாவின் குரல் கேட்டது. அவர் கட்டைக் குரல்காரர். முதல் நாள் அவர் சும்மா "ஏட்டி" என்று கூப்பிட, அவள் திரும்பினாள். அன்றிலிருந்து, வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், சாயங்காலமானால் பேப்பரை அவளுக்குச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஏதோ தொலைதூரத்து மேளத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மாவின் குரல் மெல்லியது, உச்சத்தில் நிற்பது. அது அவளுக்கு எட்டவே இல்லை. அம்மா அதைச் சொல்லி அழவில்லை. ஒருநாள் அடுப்படியில் யாரோ ஆண்பிள்ளை பேசுவதுபோல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா தனியாக நின்று, தொண்டையை இறக்கி இறக்கி, தங்கையின் பேரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "தொண்டை கட்டிருக்கு" என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படிப் பழகினாள். கடைசியில் ஒரு காலையில், தலை பின்னிக்கொண்டிருந்த தங்கை பாதிப் பின்னலோடு நிமிர்ந்து, "அம்மா?" என்று கேட்டபடி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து நான் ஆலை வேலையை விட்டுவிட்டு, செவித்திறன் சோதிக்கும் பயிற்சியில் சேர்ந்தேன். சர்க்கார் வேலையை விடுகிறாளே என்று உறவில் எல்லோரும் திட்டினார்கள். அப்பா திட்டவில்லை. எத்தனையோ குழந்தைகளின் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டேன். எப்போதும் தாழ்ந்த சுரத்தில்தான் தொடங்குவேன். அந்த ஒரு கணம், குழந்தையின் கண் எங்கோ போய்த் திரும்பும்போது, அறை தரையை விட்டு மெல்ல எழும்புவதுபோல் எனக்கு இருக்கும்.

தங்கைக்கு அந்தப் படம் ஞாபகமில்லை. அவள் ஓர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகி, போவன்பள்ளியில் குடித்தனம் வைத்தாள். அம்மா மட்டும் பழைய குரலுக்குத் திரும்பவே இல்லை. காய்கறிக்காரரிடமும் அதே கட்டைக் குரலில்தான் பேரம் பேசினாள். ஊரிலிருந்து டிரங்க் கால் போட்ட சித்தி, அப்பாதான் பேசுகிறார் என்று நினைத்து, "அத்தான், அக்காளக் கூப்பிடுங்க" என்பாள். அம்மா அவளைத் திருத்தாமல், கொஞ்ச நேரம் அப்பாவாகவே பேசிவிட்டுச் சிரிப்பாள்.