ஃபியூஸ் நாகராஜனும் நம்பர் பூட்டும்

என் வீட்டுக்காரரை பாகூர் கடைத்தெருவில் யாரும் நாகராஜன் என்று கூப்பிட்டதில்லை. ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என் வாசலுக்கே வந்து, "ஃபியூஸ் கீறாராம்மா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஃபியூஸ் கரண்டு கம்பத்துல கீது, போய்ப் பாரு" என்று கதவைச் சாத்துவேன். என் பெயர் அம்சவள்ளி. அதுவும் ஊருக்கு மறந்துபோய், நான் ஃபியூஸ் பெண்டாட்டி ஆகிவிட்டேன்.

அந்தப் பெயர் எண்பத்து நாலில் வந்தது. ஒரு கல்யாண வரவேற்புக்கு இவர்தான் சீரியல் விளக்குச் செட் போட்டார். மாப்பிள்ளையின் கோட்டைத் தேய்க்கிறேன் என்று எவனோ ஒருத்தன் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து அதே லைனில் சொருகினான். மண்டபமே அணைந்தது. இருட்டில் சம்பந்தி ஒருவர் பாயச அண்டாவுக்குள் காலை விட்டார். இஸ்திரிப் பெட்டிக்காரனை ஒருத்தரும் கேட்கவில்லை, வயர்மேனைத்தான் கேட்டார்கள். இவரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? சொல்ல மாட்டார். குனிந்து ஃபியூஸ் கம்பியை மாற்றிக் கட்டினார். அன்றிலிருந்து நல்ல வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. மைக் செட் கரகரத்தால் கூப்பிடுவார்கள், காலிங் பெல் ஊமையானால் கூப்பிடுவார்கள்.

மனுஷன் பேசமாட்டாரே தவிர, கையில் சுத்தம் அப்படி. அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். டெஸ்டருக்கு ஓர் இடம், குறடுக்கு ஓர் இடம், திருப்புளி நாலும் உயர வரிசையில் படுத்திருக்கும். என் தலையணைக்குக்கூட வீட்டில் அப்படி ஒரு நிரந்தர இடம் கிடையாது.

எண்பத்தேழில் பாத்திரக்கடை சிங்காரவேலு முதலாளி இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் வெள்ளிச் சாமான் வைக்கும் அறை. அந்த அறைச் சாவியை முதலாளி வாரத்துக்கு மூன்று முறை தொலைப்பார், அப்புறம் கொல்லன் வந்து பூட்டை உடைப்பான். மெட்ராஸில் எங்கேயோ நம்பர் அமுக்கித் திறக்கும் கதவைப் பார்த்துவிட்டு வந்து, "அது மாரி ஒண்ணு போடுவியாபா?" என்று கேட்டிருக்கிறார். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

இந்தச் சேதி ரைஸ் மில் ஏகநாதன் காதுக்கும் போனது. மில்லுக்கு மொத்த வயரிங்கும் புதிதாக மாற்ற வேண்டும், அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். "த பாரு ஃபியூஸ், ஒரு மாசம் அந்தக் கதவு மேல ஒரு புகாரும் வரலைன்னா மில்லு வேல பூராவும் உனுக்குத்தான். வந்திச்சு, அப்புறம் இந்தப் பக்கமே வராத" என்றார். ஒரு மாதம். பூட்டு மாட்டி முடித்த அன்றைக்கு நான் நாள்காட்டியில் தேதியைச் சுற்றி மையால் வட்டம் போட்டேன்.

மெட்ராஸ் போய் சாமான் வாங்கிவந்தார். பத்துப் பொத்தான் வைத்த பலகை, காந்தச் சுருள் வைத்த தாழ்ப்பாள், தாழ்ப்பாளை இயக்க ஒரு ரிலே, ஒரு மணி. சுவரை உளியால் குடைந்து வயரை இழுத்தார். கரண்டு போனால் கதவு ஊமையாகிவிடக் கூடாது என்று ஒரு பழைய கார் பேட்டரியையும் சேர்த்துக் கட்டினார். நம்ம ஊர் கரண்டைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

வேலை செய்யும் விதம் இதுதான். பத்துப் பொத்தானில் நாலு சரியான பொத்தான். அந்த நாலையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். முன்னே பின்னே என்ற வரிசை கிடையாது. அமுக்கினால் ரிலே டக்கென்று அடித்துத் தாழ்ப்பாள் உள்ளே போகும். மிச்சம் ஆறில் ஒன்றின்மேல் விரல் பட்டாலும் மணி அலறித் தெருவைக் கூட்டும்.

எந்த நாலு என்பதை முதலாளியே பலகைக்குப் பின்னால் திருகாணி முறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படி என்று காட்டிக் கொடுத்துவிட்டு, இவர் எழுந்து தெருவுக்கே வந்து நின்றுகொண்டார். "பூட்டு போட்டவனுக்கு நம்பர் தெரியக் கூடாது முதலாளி" என்றாராம். அவர் வாயிலிருந்து அந்த வருஷம் வந்த நீளமான வாக்கியம் அதுதான். முதலாளி நம்பரைத் தன் சம்சாரம் கோகிலாம்பாளுக்கு மட்டும் சொன்னார், சாவியை மறக்கிறவர் நம்பரையும் மறந்துவிட்டால் என்ன ஆவது என்று.

கோகிலாம்பாள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனசு, பக்தி அதற்கும் மேலே. வெள்ளிக்கிழமை ஆனால் தராசு, கல்லாப்பெட்டி, தையல் மிஷின், ஃபிரிட்ஜ், எதையும் விடமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிடுவார்கள். அசையாமல் நின்றால் நமக்கும் வைத்துவிடுவார்கள்.

இருபத்தைந்து நாள் கதவு சமர்த்தாக இருந்தது. முதலாளி வயிற்றைக் கதவில் முட்டவைத்து, ஆர்மோனியம் வாசிக்கிறவர் போல இரண்டு கையாலும் அமுக்குவதைப் பார்க்கவே கடைக்கு ஆட்கள் வந்தார்கள். தெருவில் இரண்டு பேர் இவரை "நாகராஜன்" என்று கூப்பிட்டார்கள். நான் என் காதாலே கேட்டேன்.

இருபத்தாறாம் நாள் வெள்ளிக் குடம் ஒன்றைக் காணோம்.

கதவு உடையவில்லை. மணி அடிக்கவில்லை. குடம் மட்டும் இல்லை. முதலாளி, "நம்பரு எனுக்கும் என் சம்சாரத்துக்கும்தான் தெரியும். அப்புறம் யாருக்குத் தெரியும்? போட்டவனுக்குத்தான தெரியும்!" என்று தெரு நடுவில் நின்று கத்தினார். சாயங்காலம் ஏட்டு தங்கவேல் எங்க ஊர் போலீஸின் சிவப்புத் தொப்பியோடு எங்கள் வாசலுக்கு வந்தார். "இன்னாபா ஃபியூஸ், நாளைக்கிக் காலைல கடைக்கு வந்துடு. அங்கயே விசாரிச்சுடலாம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

"நீங்க எதுனா சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "நான் எடுக்கல" என்றார். அவ்வளவுதான். கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். என்ன செய்தேன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போது சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவருக்கு முன்னாலேயே நான் பாத்திரக்கடைக்குள் நுழைந்தேன். அந்த அறைப் பக்கம் நான் அதுவரை போனதே இல்லை. ஏட்டு ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஏகநாதனும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். என் வீட்டுக்காரர் வந்து கைகட்டி ஓரமாக நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"கதவக் காட்டுங்க, அது இன்னா பூட்டுன்னு நானும் பாக்கறேன்" என்றேன். கூட்டிக்கொண்டு போனார்கள். பார்த்தேன். அடப் பாவிகளா! பத்துப் பொத்தானில் நாலே நாலுக்கு மட்டும் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். காய்ந்ததன்மேல் புதுசு, அதன்மேல் புதுசு என்று மூன்று வாரத்துச் சந்தனம் அப்பியிருந்தது. மிச்சம் ஆறும் நெற்றி வெறுமையாகப் பளபளவென்று இருந்தன.

இரண்டு கையையும் நீட்டி, பொட்டு வைத்த நாலையும் அமுக்கினேன். டக்! கதவு திறந்துகொண்டது. ஏட்டுக்குக் காபி புரையேறியது.

"இவளுக்கும் நம்பரு தெரிஞ்சிருக்கு பாரு!" என்று முதலாளி குதித்தார்.

"எனுக்கு ஒரு எழவு நம்பரும் தெரியாது முதலாளி! பொட்டு கீற எடத்துல அமுக்கினேன். யாரு வச்சது பொட்டு?"

எல்லாரும் கோகிலாம்பாள் அம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "நான்தான்டி வச்சேன். நம்ம வூட்டுக்கு ஒழைக்கிறது அந்த நாலுதான. மிச்சம் ஆறும் ஊரக் கூட்டி மானத்த வாங்கறது. அதுங்களுக்கு எதுக்குடி பொட்டு?" என்றார்கள்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். நான் விடுவேனா? உள்ளே எட்டிப் பார்த்தேன். லட்சுமி படத்தில் மல்லிச்சரம் தொங்கியது, ஈரம்கூடக் காயவில்லை.

"இந்தப் பூவ இன்னிக்கி யாரு போட்டது?"

"காசம்மாதான். தெனம் விடியக்காலம் பூ கொண்டாந்து போடுவா" என்றார்கள் அம்மா.

"கதவ யாரு தெறந்து வுட்டது?"

"ஏன், இவருதான்" என்றார்கள் அம்மா. "நீதான தெறந்து வுடற?" என்றார் முதலாளி. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பூக்காரி காசம்மாளைத் தெருமுனையிலிருந்து அழைத்துவந்தார்கள். கூடையை இறக்கிவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "நானேதான் தெறந்துக்கறேன். அம்மாவ எதுக்கு எழுப்பறதுன்னுட்டு. இங்க அமுக்குன்னு அடையாளம் வச்சிக்கிறாங்களே, அப்புறம் இன்னா?"

"குடம்?" என்று ஏட்டு உறுமினார்.

"அதுவா? அம்மாவோட தம்பி சௌந்தரராஜன் முந்தாநாளு விடியக்காலம் வந்தாரு. சுத்துக்கேணி ஊருல அவரு பொண்ணு பெரிய மனுசி ஆயிடிச்சாம், மஞ்சத்தண்ணி ஊத்த வெள்ளிக் கொடம் வேணும்னாரு. அம்மா குளிக்கிறாங்க, முதலாளி தூங்கறாரு, அவருக்கு மொத பஸ்ஸுக்கு நேரமாயிடிச்சு. நான் தெறந்து எடுத்துக் குடுத்தேன். ரெண்டு மூணு நாள்ல வரிசத் தட்டோட வந்து அழைக்கிறேன்னு சொல்லச் சொன்னாரு. வியாபார மும்முரத்துல மறந்துட்டேன்மா."

"ஐயோ, எம்மருமவ பெரிய மனுசி ஆயிட்டாளா!" என்று கோகிலாம்பாள் அம்மா கன்னத்தில் கை வைத்துச் சிரித்தார்கள். குடம் போன கவலை அந்த நிமிஷமே போய்விட்டது. ஏட்டு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு காபி டம்ளரை ஸ்டூலில் வைத்தார்.

நான் ஏகநாதனிடம் திரும்பினேன். "மணி தப்பா அடிச்சுதா? அமுக்கினா தெறக்காம போச்சா? சொல்லுங்க, பூட்டு மேல இன்னா புகாரு?" அவர் மோவாயைத் தடவினார். "பூட்டு மேல ஒண்ணுமில்லம்மா" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "திங்கக்கெழம மில்லுக்கு வந்துடு நாகராஜா" என்றார்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? ஈரத்துணி எடுத்து அந்தப் பொத்தான்களைத் துடைக்கப் போனார். கோகிலாம்பாள் அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்கள். "வச்ச பொட்ட அழிக்கலாமா? வெளங்குமா?" என்று அதட்டி, சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மிச்சம் ஆறுக்கும் வைக்க ஆரம்பித்தார்கள். முதல் பொட்டிலேயே மணி அலறியது. தெரு முழுக்க ஓடிவந்தது. விடாமல் ஆறுக்கும் வைத்து முடித்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் நான் வடை சுட்டேன். இவர் நாலு வடை தின்றார். பிறகு மில்லு வேலைக்கு என்று தகரப் பெட்டியை எடுத்துத் திறந்தார்.

"டெஸ்டர் எடத்துல திருப்புளி கெடக்குது" என்றார்.

முந்தின நாள் அவர் கிணற்றடிக்குப் போன நேரத்தில், கட்டின பெண்டாட்டி நான், அந்தப் பெட்டியைத் திறந்து துழாவிப் பார்த்திருந்தேன். ஊரே ஃபியூஸ் என்றபோது ஊரோடு சண்டை போட்டவள், அந்த ஒரு சாயங்காலம் ஊர் பக்கம் போய்விட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் திருப்புளியை எடுத்து அதன் இடத்தில் படுக்கவைத்தார். டெஸ்டரைத் துடைத்து வைத்தார். பெட்டியின் அகலத்தைக் கையால் ஒரு சாண் அளந்து என்னிடம் காட்டினார்.

"ஏன் அம்சா, இதுல எப்டிடி ஒரு கொடம் பூரும்?"